சாயம் ஓடாது, குதிரை ஓடும், இரண்டும் ‘ஃபாஸ்ட்’தான்

கேள்வி: வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பெரும்பாலும் லேபிள், பயன்பாட்டுக் குறிப்பு மாதிரியான சின்னச் சின்ன வேலைகள். போன மாதம் ஒரு துணி லேபிளில் ‘ஃபாஸ்ட் கலர்ஸ், வில் நாட் ரன்’ என்று இருந்தது. ‘வேகமான நிறங்கள், ஓடாது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். வேலை கொடுத்தவர் போன் செய்து அரை நிமிடம் சிரித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். அகராதிகளைப் பார்த்தால் ஒன்றில் முதல் பொருள் ‘உறுதியான’, இன்னொன்றில் ‘வேகமான’, இரண்டிலும் கீழே ‘பட்டினி கிடத்தல்’. ஏழாவது படிக்கும் மகன் வேறு, ‘பிரேக்ஃபாஸ்ட்டில் எதை வேகமாக உடைக்கிறோம்?’ என்று கேட்கிறான். இது ஒரு சொல்லா, மூன்று சொற்களா? எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து நானும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிரித்ததில் பாதி என்னை நினைத்து. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடற்பயணக் கதை என் கைக்கு வந்தது. அதில் ‘தி ஷிப் வாஸ் ஃபாஸ்ட்’ என்று ஒரு வாக்கியம். நாலே சொல், இதற்கு எதற்கு அகராதி என்று ‘கப்பல் வேகமாகச் சென்றது’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். அடுத்த பத்தியில் மாலுமிகள் மேல்தளத்தில் உட்கார்ந்துகொண்டு ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கைப்பிரதியைப் பார்த்த மூத்த ஆசிரியர் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘வேகமாகப் போகிற கப்பலில் எதற்கு ஐயா ஓதத்துக்குக் காத்திருக்கிறார்கள்?’ கப்பல் தரைதட்டி, மணலில் அசையாமல் சிக்கிக் கிடந்திருக்கிறது. நான் அதை முழு வேகத்தில் ஓட்டிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் முதல் கேள்விக்கு விடை: ஒரே வேர்தான். சாயம், குதிரை, பட்டினி மூன்றும் அதிலிருந்து கிளைத்தவை. அந்த வேருக்கும் வேகத்துக்கும் ஆதியில் சம்பந்தமே கிடையாது. அதன் பொருள் பிடிப்பு. நழுவாமல், அசையாமல், இறுக்கமாக இருப்பது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் உறுதியையே குறித்தது. அந்தக் காலத்து ஆள் ஒருவரிடம் ‘ஃபாஸ்ட் குதிரை’ என்று சொன்னால், கட்டிப்போட்ட குதிரை என்று நினைத்திருப்பார்.

அந்தப் பழைய பொருள் செத்துப்போகவும் இல்லை. விமானத்தில் ‘ஃபாஸன் யுவர் சீட் பெல்ட்ஸ்’ என்று அறிவிக்கிறார்களே, அது இதே ஃபாஸ்ட்தான். எழுத்தில் ‘ட்’ இருக்கிறது, வாயில் இல்லை. அதனால்தான் காதுக்கு உறவு தெரிவதில்லை. ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ என்றால் நின்ற இடத்தில் நிற்பவர், நிலை மாறாதவர். பெரிய கடற்பாசிகளுக்கு வேர் கிடையாது. பாறையைக் கவ்விக்கொண்டிருக்கும் அதன் அடிப்பகுதிக்கு ‘ஹோல்ட்ஃபாஸ்ட்’ என்று பெயர். தச்சர்கள் மரத்தை மேசையோடு அழுத்திப் பிடிக்க ஓட்டையில் அடித்து இறக்கும் வளைந்த இரும்புக்கும் அதே பெயர்தான். ‘ஃபாஸ்ட்னஸ்’ என்று ஒரு சொல் உண்டு. மலைகளோடு சேர்ந்து வந்தால் அது எதிரி நெருங்க முடியாத அரண், கோட்டை. அதை ‘மலையின் வேகம்’ என்று ஒரு கைப்பிரதியில் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அது என்னுடையது இல்லை.

கப்பல்காரர்கள்தான் இந்தப் பொருளை விடாமல் காப்பாற்றி வருகிறார்கள். கயிற்றை இறுக்கிக் கட்டுவது ‘மேக் ஃபாஸ்ட்’. கப்பலைத் துறையில் பிணைக்கும் கயிறுகளுக்கே ‘ஃபாஸ்ட்’ என்று பெயர் இருந்தது; முன்னால் கட்டுவது ‘பவ் ஃபாஸ்ட்’, பின்னால் கட்டுவது ‘ஸ்டெர்ன் ஃபாஸ்ட்’. ‘ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல்’ என்று அலுவலகக் கடிதங்களில் வருகிறதே, அதுவும் அவர்கள் வழக்குதான். என் கதைக் கப்பலைப் போலத் தரைதட்டி அசையாமல் நிற்பதற்கு அவர்கள் சொன்னது ‘ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட்’. பிறகு அது வளைந்துகொடுக்காத விதிக்குப் பெயராகிவிட்டது. ‘கடுமையான, விரைவான விதி’ என்று யாராவது எழுதினால் பென்சிலை எடுத்துவிடுங்கள்.

பொருள் மறந்துபோனதால் வடிவமே மாறிப்போன ஒரு சொல்லும் இருக்கிறது. வெட்கப்பட்டுத் தலைகுனிந்தவரை இன்றைக்கு ‘ஷேம்ஃபேஸ்ட்’ என்கிறார்கள். ‘ஃபேஸ்’, அதாவது முகம். வெட்கம் முகத்தில் தெரியும், சரிதானே என்று தோன்றும். ஆனால் சொல்லின் பழைய வடிவம் ‘ஷேம்ஃபாஸ்ட்’. நாணத்தால் கட்டுண்டவர் என்று பொருள். ஃபாஸ்ட்டின் ‘கட்டு’ மறக்க மறக்க, ஜனங்கள் அதை முகம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில்கூட ‘ஃபாஸ்ட்’ உள்ள வடிவமே அச்சாகியிருந்தது. முகம் வந்து ஒட்டிக்கொண்டது பிந்தைய பதிப்புகளில்.

அப்புறம் தூக்கம். ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் சீக்கிரம் தூங்கிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. தூக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது, அசைத்தாலும் எழ மாட்டார், அயர்ந்த தூக்கம். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தில் ஒரு வேடிக்கை பாருங்கள். இரண்டாம் அங்கத்தில் பாதிரியார் ரோமியோவிடம், ‘நிதானம், நிதானம்; ஃபாஸ்ட்டாக ஓடுகிறவர்கள் இடறி விழுவார்கள்’ என்கிறார். அங்கே வேகம். நான்காம் அங்கத்தில் செவிலி ஜூலியட்டை எழுப்ப வருகிறாள். கூப்பிட்டுப் பார்க்கிறாள், பதில் இல்லை. ‘ஃபாஸ்ட், நிச்சயம்’ என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். அங்கே ஆழ்ந்த தூக்கம். 1590களில் எழுதிய ஒரே நாடகத்தில், ஒரே சொல், ஒன்றில் ஓட்டம், ஒன்றில் அசைவே இல்லை. பார்வையாளர்கள் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் ‘ஓடு’ என்ற வினை இருக்கிறதா, கட்டிலில் ஒரு பெண் படுத்திருக்கிறாளா என்பதே போதுமானதாக இருந்தது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையில் பாதி இதிலேயே இருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது எல்லோரையும் உறுத்துவது: அசையாமல் இருப்பதைக் குறித்த சொல் எப்படி ஓட்டத்துக்குப் போயிற்று?

நடந்தது இதுதான். சொல் முதலில் வினையோடு ஒட்டிக்கொண்டது. இறுக்கமாகப் பிடி, உறுதியாக நில், வலுவாகக் கட்டு. இந்த இடங்களில் அது ‘உறுதியாக’ என்பதோடு ‘முழு பலத்தோடு’ என்றும் தொனித்தது. பிறகு அதே சொல்லை, பலம் போட்டுச் செய்கிற மற்ற வேலைகளுக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள். வலுவாக அடி, வலுவாகச் சண்டை போடு, வலுவாக ஓடு. ஒருவன் தன் பலத்தையெல்லாம் போட்டு ஓடினால் என்ன ஆகும்? வேகமாக ஓடுவான். கேட்டவர்கள் பலத்தை விட்டுவிட்டு வேகத்தை எடுத்துக்கொண்டார்கள். 13ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே இந்த வேகம் தலைகாட்டிவிடுகிறது. ஆனால் ‘வேகமாக ஓடு’ என்று வினைக்கு அடையாக வந்ததுதான் முதலில். ‘வேகமான குதிரை’ என்று பெயருக்கு முன்னால் அது வந்து உட்கார 16ஆம் நூற்றாண்டு ஆயிற்று. கடினம் என்று பொருள்படும் ‘ஹார்ட்’ என்ற ஆங்கிலச் சொல் இன்றைக்கும் இந்தப் பாதையில் பாதி வழியில் நிற்கிறது. ‘ரன் ஹார்ட்’ என்றால் கல்லைப் போல ஓடு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

நமக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. ‘அடித்துப் பிடித்து ஓடினான்’ என்கிறோம். யாரை அடித்தான், எதைப் பிடித்தான்? ‘ஓட்டம் பிடித்தான்’ என்கிறோம். பிடித்தால் நிற்கத்தானே வேண்டும்? பிடிப்பில் இருந்த பலம் ஓட்டத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். இன்னும் நெருக்கமான உறவு வேண்டுமென்றால் ‘கடு’ என்ற நம் வேரைப் பாருங்கள். கடுமை ஒரு பக்கம், ‘கடுகி நடந்தான்’ என்பதில் வேகம் இன்னொரு பக்கம். தொல்காப்பியம் உரியியலில் ‘கடி’ என்ற சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்கிறது. அந்தப் பத்தில் காப்பும் உண்டு, விரைவும் உண்டு. காவலும் வேகமும் ஒரே கூரையின் கீழ். ஆங்கிலேயர் ஃபாஸ்ட்டுக்குச் செய்ததைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

ஜெர்மன் மொழியில் இதே வேர் போன இடம் இன்னும் விசித்திரம். அங்கே ‘ஃபெஸ்ட்’ என்றால் உறுதி. ஆனால் ‘ஃபாஸ்ட்’ என்றே ஒரு சொல் இருக்கிறது, அதற்குப் பொருள் ‘ஏறக்குறைய’. இறுக்கம், அதனால் நெருக்கம், அதனால் கிட்டத்தட்ட. ஆங்கிலத்திலும் அந்த ‘நெருக்கம்’ ஒரு காலத்தில் இருந்தது, இலக்கியம் மொழிபெயர்க்கிறவர்களுக்கு அது ஒரு படுகுழி. மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியம் 1667இல் வந்தது. தொடக்க வரிகளிலேயே சீலோவா ஓடை கடவுளின் திருத்தலத்தருகே பாய்வதைச் சொல்கிறார். அங்கே ‘பாய்ந்தது’ என்ற வினை ஒரு வரியின் கடைசியில். அடுத்த வரியின் முதல் சொற்கள் ‘ஃபாஸ்ட் பை’. ஓடை, பாய்ச்சல், ஃபாஸ்ட் என்று மூன்றும் அடுத்தடுத்து வந்தால் யாருக்குத்தான் ‘வேகமாகப் பாய்ந்த ஓடை’ என்று தோன்றாது? ஆனால் ‘ஃபாஸ்ட் பை’ என்றால் ஒட்டினாற்போல், வெகு அருகில். ஓடையின் வேகத்தைப் பற்றி மில்டன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

உங்கள் மகனுக்கு வருகிறேன். பட்டினிக்கும் பிடிப்புக்கும் என்ன உறவு? ஒரு கட்டுப்பாட்டை இறுகப் பிடித்துக்கொள்வதுதான் ‘ஃபாஸ்ட்’. ஆங்கிலத்தின் பழைய உறவினரான காதிக் மொழியில் ‘ஃபாஸ்தான்’ என்றால் பிடித்துக்கொள், கடைப்பிடி என்றே பொருள். தமிழில் ‘கடைப்பிடி’ என்பதற்குள்ளேயே ‘பிடி’ இருப்பதைக் கவனியுங்கள். ‘விரதம் பிடிக்கிறேன்’, ‘நோன்பு பிடிக்கிறேன்’ என்று சொல்வதும் இதே கணக்குதான். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததைக் காலையில் முறிக்கிறோம், அது பிரேக்ஃபாஸ்ட். உடைபடுவது பட்டினி, வேகத்துக்கு அங்கே வேலை இல்லை. அவனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள், பள்ளியில் போய்ப் பெருமை அடித்துக்கொள்ளட்டும்: ‘டின்னர்’ என்ற சொல்லுக்கும் மூலப் பொருள் பட்டினியை முறிப்பதுதான். லத்தீனில் அப்படிப் பொருள்படும் ஒரு வினை பிரெஞ்சு வழியாக நசுங்கி நசுங்கி ‘டின்னர்’ ஆனது. ஆக, வரலாற்றுப்படி பார்த்தால் ராத்திரிச் சாப்பாடும் பிரேக்ஃபாஸ்ட்தான்.

பெல்ஃபாஸ்ட் நகரத்தின் பெயரில் இருப்பதும் இதுதானா என்று அவன் அடுத்துக் கேட்பான். இல்லை. அது அயர்லாந்து மொழிப் பெயர், மணல்திட்டின் வாய் என்று பொருள். எழுத்துப் பொருத்தம் தற்செயல்.

இனி உங்கள் தொழிலுக்கு நேராக வேண்டிய பகுதி. தொழில்நுட்பக் குறிப்புகளில் இந்தச் சொல் அதிகம் வரும், அங்கேதான் அதிகம் ஏமாற்றும்.

துணியில் ‘ஃபாஸ்ட்’ என்றால் சாயம் இழையைப் பிடித்துக்கொண்டது, விடாது. தமிழில் இதற்குக் ‘கெட்டிச்சாயம்’ என்று கையோடு ஒரு சொல் இருக்கிறது, அகராதியைத் தேட வேண்டியதே இல்லை. சாயம் பிற துணியில் இறங்குவதை ஆங்கிலத்தில் ‘ரன்’ என்பார்கள். அதனால் ‘ஃபாஸ்ட் கலர்ஸ் டோன்ட் ரன்’ என்பது அவர்களுக்கே ஒரு சிலேடை, வேண்டுமென்றே எழுதுவார்கள். நீங்கள் மாட்டிக்கொண்டது அந்தச் சிலேடையில். (‘ரன்’ பற்றி இப்போது கேட்டுவிடாதீர்கள். அது ஃபாஸ்ட்டைப் போலப் பல மடங்கு பெரிய குடும்பம்.)

இந்தப் பிடிப்பை அளக்கவும் செய்கிறார்கள், அது தெரிந்தால் லேபிள் எழுதுவது சுலபம். சாயத் துணியில் ஒரு துண்டை வெட்டி, அதோடு சாயமில்லாத வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்து, சோப்புக் கரைசலில் குறிப்பிட்ட சூட்டில் அலசி எடுப்பார்கள். பிறகு இரண்டு விஷயம் பார்ப்பார்கள்: சாயத் துணி எவ்வளவு வெளுத்தது, வெள்ளைத் துணியில் எவ்வளவு கறை ஏறியது. சாம்பல் நிறச் சாயல்கள் அடுக்கிய ஒரு அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் மாற்றமே தெரியவில்லை. வெயிலுக்கு வேறு சோதனை. அங்கே அளவுகோல் எட்டு நீலக் கம்பளித் துண்டுகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் தாங்கும். அதனால் அந்த மதிப்பெண் 1 முதல் 8 வரை போகும். தாளில் ‘வாஷ் ஃபாஸ்ட்னஸ் 4’, ‘லைட் ஃபாஸ்ட்னஸ் 6’ என்று பார்த்தால் இரண்டும் ஒரே அளவுகோல் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னது ஐந்துக்கு நாலு, பின்னது எட்டுக்கு ஆறு.

மருத்துவ அறிக்கைகளும் உங்களிடம் வரக்கூடும். ‘ஆசிட் ஃபாஸ்ட் பேசிலை’ என்று இருந்தால் அமிலத்தில் வேகமாக ஓடும் கிருமி என்று நினைக்காதீர்கள். காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகு போன்றது. சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கினால் சாயம் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு அமிலம் கலந்த சாராயத்தால் கழுவினால் மற்ற பெரும்பாலான கிருமிகள் சாயத்தை விட்டுவிடும், இது விடாது. நுண்ணோக்கியில் நீலத்துக்கு நடுவே சிவப்புக் கோடுகளாகத் தெரியும். ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. இந்த அமிலப் பிடிப்பை ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் கவனித்ததும் அதே ஆண்டில்தான். துணியில் இருந்த ஃபாஸ்ட்டும் கிருமியில் இருக்கும் ஃபாஸ்ட்டும் ஒன்றே: கழுவினாலும் சாயம் போகாது. ‘அமிலத்துக்கு நிறம் விடாத கிருமி’ என்று எழுதலாம்.

கேமரா லென்ஸில் வேறு கதை. ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ என்றால் லென்ஸ் எதையும் வேகமாகச் செய்வதில்லை. அதன் திறப்பு பெரியது, வெளிச்சம் அதிகமாக உள்ளே வரும், அதனால் ஷட்டரை வேகமாக மூடிவிடலாம். வேகம் ஷட்டருக்கு, பெயர் லென்ஸுக்கு. அணு உலைச் செய்திகளில் வரும் ‘ஃபாஸ்ட் ரியாக்டர்’ அதே ரகம். வேகமாக மின்சாரம் தரும் உலை என்று படிக்கிறவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். சாதாரண உலைகளில் தண்ணீரோ கிராஃபைட்டோ வைத்து நியூட்ரான்களின் வேகத்தைத் தணிப்பார்கள், இதில் தணிப்பதில்லை. வேகம் நியூட்ரானுடையது. கடிகாரம் ‘ஃபாஸ்ட்’ என்றாலோ, முள் விரட்டிக்கொண்டு ஓடுகிறது என்பது முக்கியமில்லை, சரியான நேரத்தைவிட முன்னால் காட்டுகிறது என்பதுதான் சேதி. ‘ஐந்து நிமிடம் ஃபாஸ்ட்’ என்று நாமே பேச்சில் சொல்கிறோம், எழுதும்போது தடுமாறுகிறோம்.

ஒரு சொல்லின் இரண்டு எதிர்க்கோடிகளையும் கையால் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால், ஒரு பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சரிபாதியாக மடியுங்கள். மடித்த முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து, மேசை மேல் விளிம்பு படும்படி நிறுத்துங்கள். நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளையம் மாதிரித் தெரியும். ஒன்றுதான் உண்மையான மடிப்பு. மகனிடம் பென்சிலைக் கொடுத்து, மடிப்புக்குள் குத்தச் சொல்லுங்கள். வெளியே இருக்கும் இரண்டு முனைகளையும் சேர்த்து இழுத்தால் பெல்ட் பென்சிலில் மாட்டிக்கொள்ள வேண்டும்; அதுதான் ‘ஃபாஸ்ட்’. மாட்டாமல் உருவிக்கொண்டு வந்தால் ‘லூஸ்’. முனைகளைப் பிடிப்பதில் ஒரு சின்னத் திருகுதாளம் செய்தால், அவன் சரியாகக் குத்தினாலும் பெல்ட் கழன்றுவிடும். இங்கிலாந்தின் பழைய சந்தைகளில் இதை வைத்து ஊரை ஏமாற்றிப் பணம் பறித்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ஆண்டனி, கிளியோபாட்ரா தன்னை ஏமாற்றிவிட்டதாகப் புலம்பும்போது இந்த விளையாட்டின் பெயரைத்தான் சொல்கிறான். ‘பிளேயிங் ஃபாஸ்ட் அண்ட் லூஸ்’ என்று இன்றைய பத்திரிகைகளில் வந்தால், பிடி கொடுப்பது போலக் காட்டிக் கழன்றுகொள்ளும் ஆள் என்று பொருள். வேகத்துக்கு இதில் இம்மியும் இடமில்லை.

சரி, வேலை நடுவே இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க முடியாது. எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்வது ஒன்றுதான். ஃபாஸ்ட்டைப் பார்க்காமல் அதன் பக்கத்துச் சொல்லைப் பார்ப்பேன். நிற்றல், பிடித்தல், ஒட்டுதல், கட்டுதல், மூடுதல், தூங்குதல் என்று அசைவில்லாத வினை இருந்தால் பொருள் ‘இறுக்கம்’. ஓடுதல், பேசுதல், வளர்தல் என்று நகர்கிற வினை இருந்தால் ‘வேகம்’. ஃபாஸ்ட்டே வினையாக நின்றால் பட்டினி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போதுதான் சிக்கல். அப்போது அந்தப் பெயர் குறிக்கும் விஷயம் நகரக்கூடியதா என்று கேளுங்கள். கார் நகரும், சாயம் நகரக் கூடாது. நட்பு? ‘தே பிகேம் ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்பதைச் ‘சீக்கிரமே நண்பர்களானார்கள்’ என்று எழுதாத புதியவர் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. அது கெட்டியான நட்பு, எத்தனை நாளில் உண்டானது என்று அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. இந்தச் சோதனையும் கைவிடும் இடங்கள் உண்டு. மில்டனின் ஓடையில் ‘பாய்தல்’ நகர்கிற வினைதானே? அங்கே ‘பை’ என்ற சின்னச் சொல்தான் காட்டிக்கொடுத்தது. இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஒரு மனிதரை ‘ஃபாஸ்ட்’ என்று பழைய நாவலில் சொல்லியிருந்தால் இரண்டு வகையிலும் அடங்காது. குடி, சூதாட்டம், கேளிக்கை என்று தறிகெட்டு வாழ்கிறவர் என்று அர்த்தம். பெண்ணைச் சொல்லியிருந்தால் அந்தக் காலத்து அளவுகோலில் பெரிய பழி. ‘சுறுசுறுப்பான பெண்’ என்று மொழிபெயர்த்துவிட்டால், அடுத்த அத்தியாயத்தில் அவளோடு யாரும் ஏன் பேசவில்லை என்று வாசகர் முழிப்பார்.

அகராதிகள் முரண்படுவதாக எழுதியிருந்தீர்கள். முரண்படவில்லை, வரிசை வேறு. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி, மெரியம் வெப்ஸ்டர் போன்றவை பழைய பொருளை முதலில் வைக்கும்; அதனால் ‘உறுதி’ முன்னால் வரும். மொழி கற்பவர்களுக்கான அகராதிகள் இன்று அதிகம் புழங்குவதை முதலில் வைக்கும், அதனால் ‘வேகம்’. முன்னுரையில் இது எழுதியிருக்கும், யாரும் முன்னுரை படிப்பதில்லை. எந்த அகராதியானாலும் முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள். என் கப்பல் ஓடியது அதனால்கூட இல்லை, நான் திறக்கவே இல்லை, அது வேறு.

இப்போது உங்கள் லேபிள். ‘சாயம் போகாது’ என்று எழுதினால் தமிழ் படிக்கும் எவருக்கும் போதும். சிலேடையைக் கொண்டுவர மெனக்கெட வேண்டாம், துணி துவைக்கிறவர் லேபிளில் இலக்கியம் தேடுவதில்லை. ஆனால் அனுப்பும் முன் வேலை கொடுத்தவரிடம் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அலசல் மதிப்பெண் 5 என்று இருந்தால் அப்படியே எழுதலாம். 3 அல்லது 4 என்று இருந்தால், ‘எளிதில் சாயம் போகாது’ என்று ஒரு சொல் கூட்டி, ‘முதல் இரண்டு முறை தனியாகத் துவைக்கவும்’ என்ற வரியும் சேர்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். இந்த முறை அவர் சிரிக்க மாட்டார்.